உண்டும் பசித்தோர்க்காக உழைத்த சுப்பாராவ்

மனிதன் உயிர்வாழ உணவு வேண்டும் என்பதை அறியாதார் இல்லை. ஆனால், உண்ட உணவு அப்படியே உடலாகிவிடுவதில்லை என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தட்டில் இருக்கும் சோறு வேறு. உடலில் சேரும் சத்து வேறு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நீண்ட வழி உண்டு. அவ்வழி அடைபட்டுவிட்டால், நிறைந்த பானையின் அருகிலேயே அமர்ந்து மூன்று வேளையும் உண்டாலும், மனிதன் பட்டினி கிடந்தவனைப் போல மெலிந்து மடிய நேரிடும். அத்தகைய கொடிய நோய்க்குத் தம் உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்த ஓர் இளைஞர், பிற்காலத்தில் அந்நோயைத் தீர்க்கும் மருந்தை உலகுக்கு வழங்கினார். அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் சென்னையில் படித்து, அமெரிக்காவில் உழைத்து, அங்கேயே மறைந்த அப்பெருமகனாரின் வாழ்க்கையை இங்கு நாம் சுருக்கமாகக் காண்போம்.

இளமைப் பருவம்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணி செய்தவர். தாய் வெங்கம்மா. பிள்ளைகள் ஏழு பேர். அவர்களுள் சுப்பாராவ் நான்காமவர். தந்தையின் உடல்நலம் குன்றியதால் வீட்டில் வறுமை குடிகொண்டது.

சிறுவயதில் இவர் படிப்பில் முதல் மாணவராக விளங்கியவர் அல்லர். பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பெரும் பணம் ஈட்டலாம் என்று கனவு கண்டு, உறவினனான ஒரு சிறுவனோடு வீட்டைவிட்டு ஓடினார். தாய் வெங்கம்மா விடவில்லை. தேடிப் பிடித்து மீட்டு வந்து, மறுபடியும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறையாகச் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். இருமுறை தோற்றவர் என்பதை, தேர்வில் தவறியதும் மனமுடைந்து போகும் நம் தோழியர் சற்று நினைவில் கொள்வது நல்லது.

பின்னர் அவர் மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் பயின்றார். அக்காலத்தில் அவர் உள்ளம் துறவறத்தை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார், தாயார் இசையவில்லை. மருத்துவம் கற்றால் எளியோர்க்குத் தொண்டு செய்யலாமே என்று மடத்துப் பெரியோரும் அறிவுரை கூறவே, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் இவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் படிப்புச் செலவுக்கு உதவினர். 1919-ஆம் ஆண்டில் சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார்.

அது காந்தியடிகளின் அறைகூவல் நாடெங்கும் ஒலித்த காலம். அந்நியத் துணியை விலக்கிய சுப்பாராவ், அறுவை சிகிச்சை வகுப்பிலும் கதர் அங்கியையே அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. மாகாண மருத்துவப் பணியில் சேரும் வாய்ப்பும் நழுவியது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று விரிவுரையாளராகச் சேர்ந்து, சிறு ஊதியத்தில் காலம் தள்ளினார்.

வீட்டில் விழுந்த இடி

இக்காலத்தில்தான் அக்குடும்பத்தின்மேல் பேரிடி விழுந்தது. சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் குறுகிய இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இருவரையும் கொண்டுபோன நோய் ஒன்றே. ஆங்கில மருத்துவர்கள் அதை ‘ஸ்ப்ரூ’ என்பர். நம் நாட்டு வைத்தியர்கள் ‘கிராணி’ என்று பொதுவாகச் சொல்லும் நோய்களுள் இதுவும் அடங்கும். வெப்ப நாடுகளில் தோன்றும் இந்நோய் கண்டவருக்கு மாதக்கணக்கில் வயிறு போகும். நாக்குப் புண்ணாகும். இரத்தம் வெளுக்கும். உண்பதெல்லாம் வீணாகி, எலும்பும் தோலுமாக உடல் வற்றும்.

சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. டாக்டர் லட்சுமிபதி அளித்த ஆயுர்வேத மருந்தால் அவர் உயிர் பிழைத்தார். ஆனால், சகோதரர்களைக் காக்க முடியவில்லையே என்ற வேதனை அவரை விட்டு அகலவில்லை. மருத்துவம் கற்றும் என்ன பயன்? நோயின் பெயர் தெரிந்ததே அன்றி, அதன் காரணமும் தெரியவில்லை. திட்டமான மருந்தும் இல்லை. இதற்கு விடை காண்பதென்று அவர் உறுதி பூண்டார்.

கம்பு சர்க்கரையாகும் விதம்

ஸ்ப்ரூ நோய் உடலில் எதைக் கெடுக்கிறது என்பதை அறிய வேண்டுமானால், நலமான உடலில் உணவு எவ்வாறு செரிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாகலாபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் விளையும் கம்பு, சோளம், குதிரைவாலி ஆகியவற்றிலும், நாம் விலைக்கு வாங்கும் அரிசியிலும் மிகுந்திருப்பது மாவுச்சத்தே. மாவுச்சத்து என்பது நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை போன்றது. சில மாலைகள் நேராக நீளும். சில மாலைகள் மரம்போலக் கிளைவிடும். இம்மாலை முழுதாகக் குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர இயலாது. மணிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தால்தான் உள்ளே செல்ல முடியும். அவ்வாறு பிரித்துக் கொடுப்பவையே நொதிகள். என்சைம்கள் என்றும் இவற்றைக் கூறுவர்.

1833-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு வேதியியலார் பேயன், பெர்சோ என்னும் இருவர், முளைத்த வாற்கோதுமையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றியது. அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். முதன்முதலாகப் பிரித்தறியப்பட்ட நொதி அதுவே. நம் வீடுகளில் கேழ்வரகையும் கம்பையும் முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோம் அல்லவா? அந்தத் தானியம் முளைக்கும்போதும் இத்தகைய நொதிதான் தோன்றுகிறது. முளைகட்டிய மாவின் கஞ்சி இளக்கமாகவும் சற்று இனிப்பாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி, நம் உடலுக்கு வருவோம். ஒரு கவளம் சோற்றை வாயிலிட்டுக் குழம்பு சேர்க்காமல் நன்றாக மென்றால், சிறிது நேரத்தில் இலேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, மாவுச்சத்து மாலையை அறுக்கத் தொடங்கிவிட்டது என்பது இதன் பொருள். கவளம் இரைப்பையை அடைந்ததும், அங்குள்ள அமிலத்தால் இந்த வேலை நின்றுபோகிறது. பின்பு அது சிறுகுடலுக்கு வரும்போது, கணையத்திலிருந்து சுரக்கும் அமைலேஸ் விட்ட வேலையை மீண்டும் தொடர்கிறது.

ஆனால், இதனாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. களத்தில் கதிரடித்த பின்னும் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டு நிற்கும் மணிகளைப் போல, இரட்டை மணிகளும் மும்மணிகளும் சிறு கிளைத்துண்டுகளும் எஞ்சி நிற்கின்றன. இவற்றைப் பிரிக்கும் கடைசி நொதிகள் எந்தச் சாற்றிலும் மிதந்து வருவன அல்ல. சிறுகுடலின் உட்சுவரில் பட்டுத் துணியின் மயிர்போல நெருக்கமாக நிற்கும் குடல் உறிஞ்சிகளின் மேல், அங்குள்ள உயிரணுக்களின் விளிம்பிலேயே அவை பதிந்திருக்கின்றன. மால்டேஸ் இரட்டைக் குளுக்கோஸைப் பிரிக்கிறது. ஐசோமால்டேஸ் கிளைத்துண்டுகளை வெட்டுகிறது. சுக்ரேஸ், கருப்பட்டியிலும் வெல்லத்திலும் உள்ள சர்க்கரையை உடைக்கிறது. லாக்டேஸ், பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கிறது. இவ்வாறு பிரிந்த மணிகளை அதே உயிரணுக்கள் உள்ளிழுத்து இரத்தத்தில் சேர்க்கின்றன.

இந்த உயிரணுக்களின் ஆயுள் மூன்று முதல் ஐந்து நாட்களே. நாள்தோறும் பழையன உதிர்வதும் புதியன முளைப்பதுமாகக் குடற்சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்ப்ரூ நோய் இவ்விடத்தில்தான் கை வைக்கிறது. குடல் உறிஞ்சிகள் குட்டையாகித் தேய்கின்றன. உயிரணுக்கள் நலிவதால், அவற்றின் விளிம்பில் உள்ள நொதிகளும் குறைகின்றன. பிரிபடாத சர்க்கரை பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து, வாயுவாகவும் நீராகவும் வெளியேறுகிறது. கொழுப்பும் வைட்டமின்களும் கூடவே வீணாகின்றன. நம் கரிசல் மண் பெய்த மழையைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொண்டு பனிக்காலம் வரையில் பயிருக்குக் கொடுக்கும். மேல்மண் அரித்துப்போன நிலத்திலோ, எவ்வளவு மழை பெய்தாலும் ஓடைக்கே போய்ச் சேரும். ஸ்ப்ரூ கண்ட குடலின் நிலையும் அதுவே. நோயாளிக்கு இன்னும் ஓர் அகப்பைச் சோறு கூடுதலாக வைப்பதால் பயனில்லை; குடற்சுவரை மீண்டும் வளரச் செய்வதே பயன்தரும்.

இச்செய்திகள் எல்லாம் பல்லாண்டு ஆராய்ச்சியால் பின்னர்த் தெளிவானவை. சுப்பாராவ் தம் சகோதரர்களை இழந்தபோது இவற்றுள் பெரும்பகுதி இருளில் இருந்தது.

கடல் கடந்த பயணம்

வெப்ப நாட்டு நோய்களைப் பற்றி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார்கள் என்று அறிந்த சுப்பாராவ், அங்குச் செல்ல முடிவு செய்தார். மாமனாரும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் பொருளுதவி செய்தனர். 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரை அடைந்தார். சில ஆண்டுகளில் திரும்புவதாகவே மனைவியிடம் விடைபெற்றுச் சென்றார். அவர் சென்றபின் பிறந்த ஆண்மகவு மழலைப் பருவத்திலேயே இறந்துபோனது. தந்தை அம்மகவின் முகத்தைக் கண்டதேயில்லை.

கையிருப்பு வெகு விரைவில் கரைந்தது. பகலில் படித்தார், இரவில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ஏவலராக வேலை செய்தார். நோயாளிகளின் மலஜல பாத்திரங்களைக் கழுவுவது அவ்வேலையின் ஒரு பகுதி. மருத்துவப் பட்டம் பெற்றவர் இவ்வேலையைச் செய்யக் கூசவில்லை. வெப்பமண்டல மருத்துவத்தில் சான்றிதழ் பெற்றபின், ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

உயிரணுவின் நாணயம்

அங்கு அவர் செய்த முதற்பெரும் பணி, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை எளிதில் அளக்கும் முறையாகும். சில இரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று பொருள். 1925-இல் வெளியான இம்முறை ‘ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை’ என்ற பெயரோடு உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் பரவியது.

இந்தக் கருவியைக் கையில் கொண்டு, இருவரும் தசையை ஆராய்ந்தனர். 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டனர். 1929-இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே அதைக் கண்டறிந்தார். ஏ.டி.பி. என்று நம் பாடநூல்களில் சுருக்கி எழுதப்படுவது இதுவே.

உண்ட கம்பு எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. நொதிகள் பிரித்துக் கொடுத்த குளுக்கோஸை இரத்தம் ஒவ்வோர் உயிரணுவுக்கும் கொண்டு செல்கிறது. உயிரணு அதைப் படிப்படியாகச் சிதைத்து, அதில் உள்ள ஆற்றலை ஏ.டி.பி.யாக மாற்றி வைத்துக்கொள்கிறது. களத்து நெல்லைக் கொண்டுபோய்க் கடையில் எல்லாப் பொருளும் வாங்க இயலாது. அதைக் காசாக்கிய பின்னரே எங்கும் செலாவணியாகும். அதுபோல, தசை சுருங்கவும், நரம்பு செய்தி கடத்தவும், புதிய உயிரணு தோன்றவும் உடல் கேட்பது ஏ.டி.பி. என்னும் காசைத்தான். சும்மா இருப்பவர் உடலிலும் நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோ ஏ.டி.பி. செலவாகி, மீண்டும் மீண்டும் ஆக்கப்படுகிறது என்று கணக்கிட்டுள்ளனர்.

1930-இல் ஹார்வர்டு அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. ஆயினும், சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து இன்னும் கிட்டவில்லை. இரத்தசோகையைத் தீர்க்கும் சத்து கல்லீரலில் இருப்பது அப்போது தெரிந்திருந்தது. அந்தச் சத்து எது என்று அவர் தேடத் தொடங்கினார்.

இலையில் ஒளிந்திருந்த மருந்து

இதே தேடலில் இந்தியாவில் ஒரு பெண்மணி முன்னரே ஈடுபட்டிருந்தார். அவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் லூசி வில்ஸ். 1928-இல் பம்பாய்க்கு வந்த அவர், பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். நம் குன்னூரிலும், சென்னையில் கோஷா மருத்துவமனை எனப்பட்ட பெண்கள் மருத்துவமனையிலும் அவர் பணியாற்றியதுண்டு. ஈஸ்ட் சாறு கொடுத்தால் அப்பெண்கள் தேறுகிறார்கள் என்பதை 1931-இல் அவர் வெளியிட்டார். அதிலிருந்த சத்து இன்னதென்று அப்போது தெரியாததால், ‘வில்ஸ் காரணி’ என்றே அது வழங்கியது. 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர், பசலை வகைக் கீரையைப் பெருமளவில் அரைத்து இதே சத்தைப் பிரித்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ‘ஃபோலிக் அமிலம்’ என்று அதற்குப் பெயர் வைத்தனர்.

சுப்பாராவ் 1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். வேதியியலார், நுண்ணுயிர் வல்லுநர், மருத்துவர் என்று பலரை ஒன்றுசேர்த்துப் பணியைப் பகிர்ந்தளித்தார். கல்லீரலிலிருந்து எடுக்கும் ஃபோலிக் அமிலம் துளித்துளியாகத்தான் கிடைக்கும். அதைக் கொண்டு எத்தனை நோயாளிகளைக் காக்க இயலும்? 1945-இல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்திலேயே செயற்கையாக ஆக்கி வெற்றி கண்டனர்.

மருத்துவர் டாம் ஸ்பைஸ் முதலியோர் இம்மருந்தை இரத்தசோகை நோயாளிகளுக்கும், ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர். சில நாட்களிலேயே நாக்குப் புண் ஆறியது, பசி எடுத்தது, புதிய இரத்தம் ஊறியது. காரணம் இதுதான்: ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், மரபுப் பொருளான டி.என்.ஏ.வை முதலில் இருமடங்காக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. உடலில் மிக விரைவாகப் பெருகும் உயிரணுக்கள், இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மச்சையிலும் குடலின் உட்சுவரிலும் உள்ளன. எனவேதான் ஃபோலிக் அமிலம் குறையும்போது இரத்தமும் வெளுக்கிறது. நாளுக்கு நாள் புதுப்பிக்க வேண்டிய குடற்சுவரும் நலிகிறது. குடற்சுவரின் உயிரணு நலமாக முளைத்தால், அதன் விளிம்பில் மால்டேசும் சுக்ரேசும் மீண்டும் தோன்றும். உண்ட உணவு மீண்டும் உடலில் ஒட்டும்.

ஸ்ப்ரூவை வெல்ல மற்றொரு துணையும் வேண்டியிருந்தது. சிறுகுடலில் அளவுக்கு மீறிப் பெருகும் நுண்ணுயிர்களுக்கும் அந்நோயில் பங்குண்டு. லெடர்லே ஆய்வகத்தில் சுப்பாராவின் தலைமையில் பணியாற்றிய பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியலார், மிசௌரி மாநிலத்து வயல் மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பொன்னிற மருந்து ஒன்றைக் கண்டார். ஆரியோமைசின் என்று பெயர் பெற்ற அது, 1948-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் இதுவே முதலாவது. இன்றளவும் ஸ்ப்ரூ நோய்க்கு மருத்துவர்கள் சில மாதங்கள் தொடர்ந்து கொடுப்பவை, ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் வகை மருந்துமே. வேண்டியவர்க்கு வைட்டமின் பி12-உம் சேர்ப்பர். சகோதரர்களைக் காக்க இயலாதவரின் ஆய்வகத்திலிருந்தே அவ்விரு மருந்துகளும் வந்தன என்பதை எண்ணும்போது நம் உள்ளம் உருகுகிறது.

அம்மருந்துகள் நம் தமிழ்நாட்டுக்கும் பயன்பட்டன. 1960-களில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று நோயாளிகளைக் கண்டு சிகிச்சை செய்தனர். அவர்கள் அங்குச் செய்த ஆராய்ச்சி, இந்நோயைப் பற்றிய உலக அறிவைப் பெருக்கியது.

பிற தொண்டுகள்

ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் கொண்டு, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் சுப்பாராவின் குழுவினர் ஆக்கினர். இரத்தப் புற்றுநோயில் வெறிகொண்டு பெருகும் உயிரணுக்களை இவை தடுத்தன. பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் என்னும் இத்தகைய மருந்தால் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சிலர் தற்காலிகமாகத் தேறியதை 1948-இல் வெளியிட்டார். புற்றுநோய்க்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. அம்மருந்தின் இனமான மெதோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அவருடைய ஆய்வகம் தந்ததே.

இத்தனையும் செய்த சுப்பாராவ், 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 53. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலேயே வாழ்ந்தார். தாய்நாட்டுக்குத் திரும்பி வரவும் அவருக்கு வாய்க்கவில்லை. தாயையும் மனைவியையும் மீண்டும் கண்டதில்லை. நோபல் பரிசும் அவரைத் தேடி வரவில்லை. அவர் நினைவாக ஒருவகைப் பூஞ்சைக்கு ‘சுப்பாரோமைசிஸ்’ என்று பெயரிட்டனர். 1995-இல், அவருடைய நூற்றாண்டில், இந்திய அரசு அவர் உருவப்படத்தோடு அஞ்சல் தலை வெளியிட்டது.

நமக்குரிய கடமை

அன்புத் தோழியரே, சுப்பாராவின் உழைப்பு நம் கைக்கெட்டாத தொலைவில் இல்லை. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை அரசு வழங்கும் நீல நிற மாத்திரையை நாம் அறிவோம். அதில் 60 மில்லிகிராம் இரும்பும், 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கியுள்ளன. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். அப்படியிருந்தும், வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கருக்கிறது என்று காரணம் சொல்லி, அம்மாத்திரையைச் சன்னல் வழியே எறிபவர்கள் நம்முள் உண்டு. வெறும் வயிற்றில் விழுங்காமல், உணவுக்குப் பின் உட்கொண்டால் புரட்டல் குறையும். மலம் கருப்பது இரும்பினால் நேர்வது, அஞ்ச வேண்டியதில்லை.

ஃபோலிக் அமிலம் முருங்கைக்கீரையிலும், பாசிப்பயறிலும், உளுந்திலும், நிலக்கடலையிலும் இயற்கையாக உண்டு. கரிசல் காட்டுக்கு இவை அரியவை அல்ல. கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டு, வெந்த நீரைக் கீழே ஊற்றினால் சத்து போய்விடும் என்பதை மட்டும் நம் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். வீட்டில் எவருக்கேனும், சிறப்பாகக் குழந்தைகளுக்கு, வயிற்றுப்போக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து உடல் மெலிந்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வாளாவிருக்கலாகாது. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

சுப்பாராவின் காலத்தில் மருந்தில்லாமல் இறந்தார்கள். நம் காலத்தில் மருந்து இலவசமாகக் கைக்கு வருகிறது. அடுத்த முறை அந்நீல மாத்திரை நம் உள்ளங்கையில் வைக்கப்படும்போது, பாஸ்டன் மருத்துவமனையில் இரவெல்லாம் பாத்திரம் கழுவிய அம்மனிதரை ஒரு நொடி நினைப்போம். நினைத்து, மதிய உணவுக்குப் பின் தவறாமல் அதை உட்கொள்வோமாக.